நிறமாலை கைரேகை அல்ல

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1928இல் அதே நாளில் கல்கத்தாவில் கண்டறியப்பட்ட ராமன் விளைவைப் பற்றி அன்று வெளிவரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: "ஒவ்வொரு பொருளுக்கும் தனி நிறமாலை உண்டு, கைரேகையைப் போல அதைக் கொண்டு பொருளை இனங்காணலாம்." தூய பொருளுக்கு இது பொருந்தும். ஆனால் நாம் உண்பவையும் மருந்தாக விழுங்குபவையும் பெரும்பாலும் கலவைகளே. கலவையைப் பொறுத்தவரை இந்த உவமை மாணவர்களைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது.

நெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபத்துக்கு நெய்க் காணிக்கை செலுத்தும் திருவண்ணாமலையில், கடையில் வாங்கும் நெய் தூயதுதானா என்ற கேள்வி அடிக்கடி எழும். நெய்யின் அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 2900, 1740 ஆகிய அலை எண்களின் அருகே வலிய பட்டைகள் தோன்றும். பாமாயிலும் வனஸ்பதியும் அதே இடங்களில் அதே பட்டைகளைக் காட்டும். மூன்றும் கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் இணைந்த பொருள்கள்தாமே! 966க்கு அருகே தோன்றும் டிரான்ஸ் கொழுப்பின் பட்டை வனஸ்பதியைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்வதுண்டு. ஆனால் பசு நெய்யிலும் எருமை நெய்யிலும் டிரான்ஸ் கொழுப்பு இயல்பாகவே சிறிதளவு உண்டு. ஆகவே பட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது; எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். இங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

பியர்–லாம்பர்ட் விதிப்படி, கலவை ஓர் அலைநீளத்தில் உட்கவரும் அளவு, அதன் கூறுகள் உட்கவரும் அளவுகளின் கூட்டுத்தொகை. இரண்டு கூறுகள் என்றால் இரண்டு அலைநீளங்களில் அளந்து இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கலாம். இரு கூறுகளின் நிறமாலைகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால் என்ன ஆகும்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

x + y = 1.00
x + 1.1y = 1.05

விடை: x = 0.5, y = 0.5. இரண்டாம் அளவீட்டை 1.05க்குப் பதில் 1.06 என்று கருவி காட்டியதாகக் கொள்ளுங்கள். இப்போது y = 0.6, x = 0.4. அளவீட்டில் நூற்றில் ஒரு பங்கு பிழை. விடையிலோ ஐந்தில் ஒரு பங்கு பிழை! கைரேகை உவமை இந்த ஆபத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

இதற்கு மருந்து புள்ளியியலில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் அளந்து, மீச்சிறு வர்க்க முறையால் எல்லா அளவீடுகளுக்கும் மிக நெருங்கிய விடையைக் காணலாம். தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொள்ளும். ஆனால் நாம் எதிர்பாராத மூன்றாவது பொருள் கலந்திருந்தால் இந்த முறையும் தயங்காமல் ஒரு தவறான விடையைத் தந்துவிடும்.

அந்த நிலையில் துணைக்கு வருபவர் பி. சி. மகலனோபிஸ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். தமது பெயரால் வழங்கும் 'தொலைவு' அளவை 1936இல் வகுத்தார். பசு, எருமை, கோடை, மழைக்காலம், வெவ்வேறு தீவனம் எனப் பலவகைத் தூய நெய்களை அளந்து வைத்தால், அவை இயல்பாக எந்த அளவுக்கு மாறுபடுகின்றன, எவ்வெவ் அளவுகள் சேர்ந்து மாறுகின்றன என்று தெரியும். அந்த மாறுபாட்டையே அளவுகோலாகக் கொண்டு, புதிய மாதிரி அக்கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று இத்தொலைவு சொல்லும். விலகல் மிகுதியானால் அதைக் கலப்படம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. "இது நான் அறிந்த வகை அன்று, வேறு சோதனையும் செய்க" என்பதே அதன் பொருள்.

இன்று கையடக்கக் கருவிகள் பொத்தானை அழுத்தியதும் 'தூயது', 'கலப்படம்' என்று தீர்ப்பு எழுதுகின்றன. அத்தீர்ப்பை நம்பி ஒரு வியாபாரியின் நற்பெயர் கெடலாம். ஒரு குடும்பம் கெட்ட பொருளை உண்ணலாம். ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தெந்த மாதிரிகளைக் கொண்டு கருவி பழக்கப்பட்டது? விடையின் பிழை வரம்பு என்ன? அறியாத பொருள் வந்தால் 'தெரியாது' என்று சொல்லுமா?

ராமன் விளைவைப் பற்றி எழுதுவோர் கைரேகை உவமையோடு நின்றுவிடாமல், மேலே கண்ட இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்து எழுதட்டும். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் அவை எட்டாதவை அல்ல.