பேர் வைத்த மாடு

மாட்டுப் பொங்கலன்று திருவண்ணாமலைக் கோயிலின் பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், பலகாரம் எல்லாம் மாலையாகக் கட்டிப் போடுவார்கள். அன்றைக்கு எங்கள் காலனி ஒலிபெருக்கியில் ‘செண்பகமே செண்பகமே’ ஓடும். 1987இல் வந்த ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ படப் பாட்டு. நான் பிறப்பதற்கு முன்னால் வந்தது. இன்றும் கேட்டால் கைவேலையை விட்டு நின்றுவிடுகிறேன். மேடை மேடையாகச் சாதி ஒழிப்புப் பேசுகிறவனை ஒரு மாட்டுக்காரன் பாட்டு ஏன் நிறுத்துகிறது?

இளையராஜா இசை, கங்கை அமரன் இயக்கம், ராமராஜன் நடிப்பு. மனோவும் ஆஷா போஸ்லேயும் தனித்தனியாகப் பாடினார்கள். இந்த அண்ணன் தம்பிகள் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி வந்தவர்கள். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. ஒரு பேரை இரண்டு தரம், இழுத்துக் கூப்பிடுவது. மாடு மேய்த்த எவனுக்கும் தெரிந்த குரல் அது. கேட்டவன் அடுத்த நிமிஷமே பாடிடலாம்.

ஆனால் மாட்டுக்குச் சொந்தக்காரன் யார், மேய்ப்பவனுக்குக் கூலி என்ன என்று அந்தப் பாட்டு கேட்காது. 1970இல் எம்.ஜி.ஆர். ‘மாட்டுக்கார வேலன்’ ஆனதிலிருந்தே சினிமாவின் மாட்டுக்காரன் அழகன், வீரன், சேரிக்காரன் இல்லை.

எங்க நைனா எட்டு வயசில், தாத்தா வாங்கிய கடனுக்காக ஒரு நிலக்காரர் வீட்டில் மாடு மேய்க்க விடப்பட்டவர். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. நைனா காதுக்கு அது வந்து சேரப் பத்து வருசம் ஆனது. “அந்த வூட்ல ஒவ்வொரு மாட்டுக்கும் பேரு இருந்துச்சுடா. லட்சுமி, செவல, மயில. என்னை மட்டும் ‘டேய்’ம்பாங்க” என்பார். தொழுவத்தில் சாணி அள்ளலாம். பால் செம்பில் கை படக் கூடாது. செத்த மாட்டைத் தூக்க மட்டும் நாம் வேண்டும்.

ரமணாசிரமத்தில் 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. பண்ணையில் உழைத்தே செத்த எங்க தாத்தாவைப் புதைத்த இடத்தில் ஒரு கல்லுகூடக் கிடையாது. அதைத்தான் சொல்கிறேன்.

பாட்டு விட்டதை எழுத்து எழுதியது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) நாவலில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனின் பசியும் அடியும் இருக்கின்றன. நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் “போதும்டா” என்று எழுந்து போய்விட்டார். சாயங்காலம் செண்பகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பாட்டு பொய்யாச்சே, நைனா.”

“பொய்தான். கூப்பிடற கொரலு நம்முளுதுடா.”

இந்த மாதிரிப் பாட்டுகளை ‘மயக்கம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளி நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் நைனாவின் குரலையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சொந்தக்காரன் பேரையும் கூலிக் கணக்கையும் சொல்லுகிற பாட்டு நமக்கு வேண்டும். அதையும் இந்தக் குரலில்தான் பாட வேண்டியிருக்கும்.