எலிசபெத் மொன்ரேகுவின் அவையும் தோட்டத்துப் பாடகியரும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கிய வரலாற்றில் எலிசபெத் மொன்ரேகு (1718–1800) பெறும் இடம் பெரும்பாலும் விருந்தோம்பி ஒருவரின் இடமே. இலண்டனில் அவரது இல்லத்தில் அறிஞரும் எழுத்தாளரும் கூடினர்; சீட்டாட்டமும் மதுவும் விலக்கப்பட்டு, தேநீரும் உரையாடலும் முதன்மை பெற்றன; கூடியோர் 'நீலக் காலுறையினர்' எனப்பட்டனர். பாடநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. மலையகப் பெண்களின் பாடல்களைத் தொகுக்கவும் மதிப்பிடவும் முற்படும் நாம், குறிப்பாக யட்டியாந்தோட்டை போன்று தேயிலையும் றப்பரும் அடுத்தடுத்து விளையும் சபரகமுவத் தோட்டங்களை நோக்குவோர், அவ்வில்லத்தின் வரலாற்றை இன்னுஞ் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வட்டத்தில் எழுந்த பிணக்கொன்று நமக்கும் உரியது.

மொன்ரேகுவின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. வோல்ற்றயரின் கண்டனத்துக்கு எதிராக ஷேக்ஸ்பியரை ஆதரித்து அவர் எழுதிய நூல் 1769இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. திறனாய்வு ஆடவரின் துறையெனக் கருதப்பட்ட காலத்தில் அத்துறையிற் பெண்ணொருத்தி நிமிர்ந்து நின்றமை சிறிய செய்தியன்று. ஆயின் அந்த அவைக்குச் செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது? நியூகாசிலுக்கு அண்மையிலிருந்த நிலக்கரிச் சுரங்கங்கள் அவ்வருவாயில் முக்கிய பங்கு வகித்தன. 1775இல் கணவர் இறந்தபின் அவற்றை அவரே திறமையாக நிர்வகித்தார். ஆண்டுதோறும் மே முதல் நாளில் இலண்டனின் புகைபோக்கி துடைக்கும் சிறுவருக்கு அவர் விருந்தளித்ததைப் புகழ்ந்து கூறுவர். சுரங்கத்திற் கரி வெட்டியவனும் புகைபோக்கியிற் கரி துடைத்தவனும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளில் நின்றவர்கள் என்பதைப் புகழ்ந்தோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

நாம் குறிப்பிட்ட பிணக்கு ஆன் யேர்ஸ்லி என்பவர் தொடர்பானது. அவர் பிரிஸ்ரல் நகரிற் பால் விற்று வாழ்ந்த ஏழைப் பெண்; கவிதை எழுதினார். மொன்ரேகுவின் வட்டத்தைச் சேர்ந்த ஹன்னா மோர் அவரைக் 'கண்டுபிடித்து', எழுத்துப் பிழைகளைத் திருத்தி, சந்தாதாரரைத் திரட்டி, 1785இல் நூலை வெளியிட்டார். அந்நூலின் முன்னுரை, மொன்ரேகுவுக்கு எழுதப்பட்ட கடிதமாக அமைந்தது. பாற்காரியின் நூல், ஒரு சீமாட்டி மற்றொரு சீமாட்டிக்கு அவளைப் பற்றி எழுதும் கடிதத்தோடு தொடங்குகின்றது! கிடைத்த பணமோ மோர், மொன்ரேகு ஆகிய இருவரின் பொறுப்பிலே நம்பிக்கை நிதியாக வைக்கப்பட்டது. தன் உழைப்பின் பயன் தன் கையிலும் தன் பிள்ளைகளின் கையிலும் சேரவேண்டுமென யேர்ஸ்லி கேட்டபோது நன்றிகெட்டவள் எனப்பட்டார். அவர் பணிந்து போகவில்லை. தம் தரப்பை 1786ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சிட்டார், மேலும் எழுதினார், பின்னர் வாடகை நூலகமொன்றும் நடத்தினார்.

இலங்கையில் இதற்கு எதிர்த்திசையிற் சென்றவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்கவாதியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர், மக்களைத் தம் கூடத்துக்கு அழைக்கவில்லை; மக்கள் கூடிய இடத்துக்குச் சென்றார். மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாட்டுக் கட்டி மேடைகளிற் பாடினார். 1940இல் வெளிவந்த 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' அத்தகைய பாட்டுநூலாகும். அதனை வெறும் பிரசாரமென ஒதுக்குவோர், தம்மை அறியாமலே மொன்ரேகுவின் வரவேற்பறை அளவுகோலைக் கையிலெடுக்கின்றனர் என்றே கூறத் தோன்றுகின்றது. எனினும் மீனாட்சியம்மாளும் கொழுந்து பறித்தவர் அல்லர். தொழிலாளருக்காகப் பேசிய குரல் அவருடையது. தொழிலாளப் பெண்ணின் சொந்தக் குரலை வேறிடத்திலேதான் தேடவேண்டும்.

அவ்விடம் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் வழங்கும் லயங்களே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் தொகுப்பு முயற்சிகள் நமக்குப் பெருஞ்செல்வம். ஆனால் மலையக இலக்கியம் என்றவுடன் ஹற்றனையும் நுவரெலியாவையும் நினைக்கும் பழக்கத்தால், களனிப் பள்ளத்தாக்கின் இத்தாழ்நிலத் தோட்டங்கள் ஓரத்திலேயே நின்றுவிட்டன. விடியலில் றப்பர்ப் பால் வெட்டி வாளியிற் சுமந்துவரும் யட்டியாந்தோட்டைப் பெண்ணும் ஒருவகையிற் பாற்காரியே. அவள் பாட்டைத் தேடிச் செல்லும் பல்கலைக்கழக மாணவரும் ஆய்வாளரும் எத்தகைய ஏட்டுடன் செல்வர்? நாட்டார் பாடற் தொகுப்புகளிற் பொதுவாகத் தொகுத்தவர் பெயர் அட்டையில் நிற்கும். பாடியவர் பெயர் பெரும்பாலும் உள்ளேயும் இராது. 'வாய்மொழி இலக்கியத்துக்கு ஆசிரியர் இல்லை' என்ற கோட்பாடு இங்கு வசதியாகத் துணைக்கு வருகின்றது. ஒப்பாரியொன்றில் இறந்தவனின் பெயரையும் பெரட்டையும் கங்காணியையும் வைத்துப் பாடுபவள், பழைய அடிகளோடு தன் அடிகளையுஞ் சேர்த்தே பாடுகின்றாள். அவ்வடிகளுக்கு ஆசிரியை அவளே.

ஆகவே பாடியவரின் பெயர், அவர் விரும்பினால், தோட்டப் பெயரோடும் பிரிவோடும் அச்சேற வேண்டும். பேச்சுவழக்கை ஏட்டுவழக்காக்கும் 'திருத்தம்' எதுவும் அவருக்கு வாசித்துக் காட்டப்படல் வேண்டும். நூல் விற்ற பணத்தின் கணக்கும் அவர் கேட்கக்கூடியதே; கேட்டால் அதனை நன்றிகேடு எனக் கொள்வதற்கில்லை.