சுவாதித் திருநாளைத் திரையில் எப்படி ரசிப்பது?

கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர் லெனின் ராஜேந்திரனின் ‘சுவாதித் திருநாள்’ மலையாளப் படத்தைப் பார்த்தால், பாட்டுக்காக மனம் நிறையும். வரலாற்றுக்காகச் சண்டை போடத் தோன்றும். திருவிதாங்கூர் ராஜாவும் வாக்கேயக்காரருமான சுவாதித் திருநாளைப் பற்றி 1987இல் வந்த கதைப்படம் அது. ஆனால் வாழ்ந்த மனிதர்கள் சொந்தப் பெயரிலேயே நடமாடுவதால் ஆவணப்படம் பார்ப்பதுபோல் பார்த்துவிடுகிறோம். மனத்தாங்கல் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் பாட்டு. இசை எம்.பி. ஸ்ரீனிவாசன், தமிழில் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்த அதே எம்.பி.எஸ். ‘சுவாதித் திருநாள்’ வந்த மறு ஆண்டு, 1988 மார்ச்சில், லட்சத்தீவில் காலமானார். யேசுதாஸ், பாலமுரளிகிருஷ்ணா, நெய்யாற்றின்கரை வாசுதேவன், சித்ரா என்று பெரிய பாடகர்கள் கூடிய படம். கச்சேரிபோல நிரவல், ஸ்வரம் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

சித்ரா பாடிய ‘அளிவேணி’யை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் வராத தவிப்பைத் தோழியிடம் நாயகி சொல்லும் பதம், ராகம் குறிஞ்சி. கீழே நிஷாதம், மேலே தைவதம், அதோடு எல்லை முடிந்தது. மேல் ஷட்ஜத்தைத் தொடவே தொடாது. குரலை உயர்த்திப் புலம்ப ராகமே இடம் கொடுப்பதில்லை. அத்தனை ஏக்கமும் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். கண்ணை மூடி ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு காட்சியோடு பாருங்கள். பதம் என்பது அபிநயத்துக்காகப் பிறந்த உருப்படி என்பது அப்போது நன்றாகவே விளங்கும்.

ராஜா வேடத்தில் ‘மால்குடி டேஸ்’ புகழ் அனந்த் நாக். ஒளிப்பதிவு மது அம்பாட். பின்னாளில் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யைப் படம்பிடித்தவர். இருவரும் சேர்ந்து அந்த அரண்மனையின் தனிமையை நம்பவைத்துவிடுகிறார்கள்.

இனி மனத்தாங்கல். சுவாதி 1829இல் ஆட்சியேற்று 1846இல், 33 வயதில் மறைந்தவர். கடைசி ஆண்டுகளில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கல்லனோடு ஓயாத உரசல். சோகராஜா என்ற சித்திரத்துக்கு இதெல்லாம் தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் நானூறுக்கு மேற்பட்ட உருப்படிகளை, அதுவும் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி என ஐந்து மொழிகளில் செய்வதற்குச் சோகம் மட்டும் போதாது. அன்றாட உழைப்பும் நல்ல கூட்டாளிகளும் வேண்டும். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அப்படி ஒரு கூட்டாளி. முத்துசுவாமி தீட்சிதரின் சீடர், வயலின் வித்வான். ராஜாவிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றவர். சதஸில் இந்த இருவரும் உட்கார்ந்து ஒரு வர்ணத்தைச் செதுக்குவதை இன்னும் நிதானமாகப் பார்க்க முடிந்திருந்தால் என்ற ஏக்கம் தமிழ் ரசிகருக்கு நிச்சயம் வரும். தஞ்சை நாட்டியக்காரி சுகந்தவல்லியோடான காதலுக்குப் படம் மனமுவந்து இடம் தருகிறது. அவருக்காகக் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ‘தஞ்சாவூர் அம்மவீடு’ திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் இன்றும் இருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இன்று நாம் கேட்கும் மெட்டுகள் பலவும் 1840களில் ஒலித்தபடியே வந்தவை அல்ல. 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீத அகாதமிக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல்வரானார். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1963 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இருவரும் உருப்படிகளைத் தேடிப் பதிப்பித்ததோடு பலவற்றுக்கு மெட்டும் அமைத்தார்கள். சாவேரியில் இருந்த ‘பாவயாமி ரகுராமம்’ ராகமாலிகையானது செம்மங்குடியின் கையில். 1980களில் வீணை எஸ். பாலச்சந்தர், சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே இல்லை என்று வாதாடியபோது இதுவெல்லாம் சர்ச்சைக்கு வந்தது. அந்த வாதம் மிகை என்பதே சரி. ஆனாலும், திரையில் ஒலிப்பது ராஜாவின் குரலோடு அவருக்குப் பின் வந்த பலரின் கைவண்ணமும் சேர்ந்தது என்று தெரிந்து கேட்டால் ரசனை குறையாது, கூடும்.

படம் முடிந்த கையோடு பத்மநாபசுவாமி கோயிலருகே குதிரமாளிகைக்குப் போய் வாருங்கள். இறவாணத்தடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள். பெயருக்கே அவைதான் காரணம். ஜனவரியில் அந்த முற்றத்தில் சுவாதி சங்கீதோத்சவம் நடக்கிறது. மேடையில் ஒலிப்பது முழுக்க அவருடைய உருப்படிகள்தான்.

நவராத்திரி மண்டபம் அதற்கும் ஒரு படி மேல். கம்பர் பூஜித்ததாக நம்பப்படும் சரஸ்வதி விக்கிரகம் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வந்து கொலுவிருக்கும். அதன் முன்னே ஒன்பது மாலை, ஒன்பது கீர்த்தனை, ஒன்பது ராகம். கைதட்டல் கூடாது. பெண்கள் பாட அங்கே நெடுங்காலம் அனுமதி இருந்ததில்லை. 2006இல் பாறசாலை பொன்னம்மாள்தான் முதலில் பாடினார். ஒன்பது நாளும் தங்க முடியாதவர்கள் நான்காம் நாளைத் தவறவிடாதீர்கள். அன்று தோடி.