முகத்துக்கு முன்னால் வெளிச்சத்தைப் பாருங்கள்

பட்டு, ரோஜா, இறகு வைத்த தொப்பி, மலர்ந்த முகம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சீமாட்டிகளின் படங்கள் மாட்டிய அறையை அருங்காட்சியகங்களில் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பணக்காரர்களைக் குளிர்விக்கத் தீட்டியவைதானே என்ற எண்ணம். ஓவியர் எலிசபெத் விழே லெ ப்ருன் விஷயத்தில் இந்த அவசரம் பெரிய இழப்பு.

1755இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை லூயி விழே பாஸ்டல் வண்ணத்தில் முகங்கள் வரைபவர். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது இறந்துபோனார். பதின்பருவத்திலேயே அந்தப் பெண் வரைந்து சம்பாதித்தாள். உரிமம் இல்லாமல் தொழில் நடத்துவதாக 1774இல் அவருடைய கருவிகளைப் பறிமுதல்கூடச் செய்தார்கள். நான்கே ஆண்டுகளில் வெர்சாய் அரண்மனைக்குப் போய், தன் வயதே ஆன அரசி மரி அந்துவானெத்தை எதிரே நிறுத்தி வரைந்தார்.

அவருடைய படத்தின் முன் நின்றால், இவர் யார், எந்தக் கோமகனின் மனைவி என்று பெயர்ப்பலகையைத் தேடவேண்டாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1782இல் ஆண்ட்வெர்ப் நகரில், தொப்பி அணிந்த ஒரு பெண்ணை ரூபென்ஸ் வரைந்திருந்த படத்தைக் கண்டு இவர் அசந்துபோனார். நேரே விழும் வெயிலும், நிழலுக்குள் கசியும் மெல்லொளியும் ஒரே முகத்தில்! பிரஸ்ஸல்ஸில் இருந்தபோதே, அதே விளைவைத் தேடி, வைக்கோல் தொப்பியோடு தன்னைத் தானே தீட்டிக்கொண்டார். அவரே போட்ட அதன் பிரதி லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ரூபென்ஸின் படமும் அங்கேதான்.

தொப்பி விளிம்பின் நிழல் அவர் நெற்றியில் விழும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். அங்கே கருப்பு இல்லை. நிழலுக்குள்ளும் தோலின் இளஞ்சிவப்பு தெரிகிறது. கீழே கழுத்திலும் மார்பிலும் வெயில் பளீரென்று விழுகிறது. ஊடுருவித் தெரியும் மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால்தான் இப்படி ஒரு நிழல் கிடைக்கும். கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும். அழகாக இருக்கிறேன், இந்த அழகைப் படைத்ததும் நான்தான் என்று அந்தக் கை அறிவிக்கிறது.

அடுத்து உடை. தலைக்குப் பவுடர் பூசி, இறுக்கிக் கட்டி வரும் நாகரிகம் இவருக்குப் பிடிக்காது. கூந்தலை இயல்பாக விடச் சொல்வார், தோளில் சால்வையைத் தானே சுற்றிவிடுவார். 1783ஆம் ஆண்டு சலோன் கண்காட்சியில் அரசியை வெள்ளை மஸ்லின் உடையில் காட்டினார். உள்ளாடையோடு அரசியா என்று பாரிஸ் கொதித்தது. படத்தை இறக்கவேண்டி வந்தது. அவசரமாக வேறொன்று தீட்டினார், இம்முறை பட்டு உடையில். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கையில் ரோஜா இருக்கிறது. துணி மாறியதும் எதிரே நிற்பவளே மாறிவிடுகிறாள்: முதல் படத்தில் ஒரு பெண், இரண்டாவதில் ஓர் அரசி. முதலாவதுதான் உயிருள்ள படம்.

பிறகு வாய். மகள் ஜூலியை அணைத்தபடி தன்னை வரைந்த படம், இன்று லூவ்ரில் இருப்பது, 1787 சலோனில் பார்வைக்கு வந்தது. இதழ்கள் சற்றே திறந்து பல் தெரிகிறது. இதற்கு முன்னோர் காட்டிய வழி இல்லை என்று ஒரு விமர்சகர் முகம் சுளித்தார். அன்றைய உருவப்படங்களில் வாய் மூடியிருப்பதே மரியாதை. இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும் அந்தச் சிரிப்பு, அன்று ஒரு துணிச்சல். இவர் படங்களில் சீமான்களும் சீமாட்டிகளும் ஏன் இவ்வளவு இலகுவாக இருக்கிறார்கள்? உட்காருபவரோடு பேசிக்கொண்டே, பாராட்டிக்கொண்டே அவர் தீட்டினார். அப்படிச் செய்யும்படியே இளம் ஓவியர்களுக்கு எழுதிய குறிப்புகளில் அறிவுரையும் தந்தார்.

அதே ஆண்டு வரைந்த 'மரி அந்துவானெத்தும் பிள்ளைகளும்' படத்தில் அரசியை விட்டுவிட்டு, ஓரத்தில் மூத்த மகன் சுட்டும் தொட்டிலைப் பாருங்கள். அது காலி. ஒரு வயதுகூட நிரம்பாத சோஃபி அந்த ஜூன் மாதம்தான் இறந்திருந்தாள்.

இவர் வெறும் இனிப்பு என்பவர்களுக்கு முகமது தர்வேஷ் கானின் படத்தைக் காட்டவேண்டும். அவர் உட்பட்ட திப்பு சுல்தானின் தூதர்கள் 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, அடுத்த ஆண்டு பாரிஸ் சேர்ந்தார்கள். படத்துக்கு நிற்க அவர்கள் முதலில் இணங்கவில்லை. பிரெஞ்சு மன்னர் கேட்டுக்கொண்ட பிறகே சம்மதித்தார்கள். ஏழடிக்கும் மேலான கேன்வாஸில், பூ வேலை செய்த வெள்ளை மஸ்லின் அங்கியும் வாளுமாக நிற்கிறார் தர்வேஷ் கான். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் அந்த மஸ்லினின் மடிப்புகளில் ஒளி புகுந்து வருவது, வைக்கோல் தொப்பிப் படத்தில் கண்ட அதே வித்தை. முடிந்த படத்தை அவர் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தர மறுத்ததாக ஓவியர் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 2019இல் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது.

1789 அக்டோபரில் புரட்சிக்குப் பயந்து, மகளோடு இரவு வண்டியில் பாரிஸை விட்டு வெளியேறினார். ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று போன ஊரெல்லாம் தூரிகையே சோறு போட்டது. 1802இல்தான் திரும்பினார், 1842இல் இறந்தார்.

புன்னகைக்கும் தாய்மையைத் தன் கேன்வாஸில் கொண்டாடியதற்காக பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் த பொவ்வார் இவரைக் கடிந்தார். தாய்மைப் படங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் 1788இல் வரைந்த ஹுபேர் ரொபேர் படத்தை யாரும் அப்படிச் சொல்லமுடியாது. கலைந்த நரைமுடி, சுருங்கிய கழுத்துத்துணி, எங்கோ நிலைத்த கண்கள். வேலையின் நடுவே நிமிர்ந்த ஓர் ஓவியனை நண்பரான இன்னோர் ஓவியர் பிடித்துவிட்டார். லூவ்ரின் இணையதளத்தில் அந்தப் படம் கிடைக்கும். விழே லெ ப்ருன்னை அறிய விரும்புகிறவர்கள் அரசியை விட்டுவிட்டு ரொபேரிடமிருந்து தொடங்குங்கள்.