ஜாஹிழ் கண்ட நகைப்புக் கலை

பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு ஹி. 255 / கி.பி. 868-69) நம் அரபிக் கல்லூரிகளில் சொல்லாட்சியின் ஆசானாகவே அறிமுகமாகிறார். சிரிக்கவைப்போரின் தொழில் நுட்பத்தை அவர் நுணுகி ஆராய்ந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

'அல்பயான் வத்தப்யீன்' நூலில் அபூ தப்பூபா என்றொரு பாவனைக் கலைஞர் வருகிறார். பக்தாதின் கர்க் வாயிலில், வாடகைக் கழுதைக்காரர்கள் முன் நின்று கழுதைபோலக் கத்துவார். நோயுற்ற, களைத்த கழுதைகள்கூட உடனே எதிர்க்குரல் எழுப்பும். மெய்யான கழுதை கத்தினாலோ அவை அசைவதில்லை! பல கழுதைகளிடம் சிதறிக் கிடந்த ஒலிக்கூறுகளை அவர் ஒரே குரலில் திரட்டிவிட்டார் என்பது ஜாஹிழின் விளக்கம். பாவனையை வெறும் நகலெடுப்பாகக் கருதுவோர் இவ்விடத்தை நிதானித்து வாசிக்க வேண்டும்.

மற்றொரு குறிப்பு நம் வகுப்பறைகளையே சுடுகிறது. நாட்டுப்புற அரபியின் துணுக்கை இஃராப் பிசகாது சொல்ல வேண்டும். பாமரரின் துணுக்குக்கு இஃராப் இட்டால் சுவை கெடும் என்கிறார். நாமோ எல்லாவற்றையும் சொல்லீற்று ஹரகத்துகளோடு ஓதிவிட்டு, மாணவர் ஏன் சிரிக்கவில்லை என வியக்கிறோம். கஞ்சர்களைப் பற்றிய அவரது 'அல்புகலா'வைத் தமிழாக்க முனைவோர் அங்காடிக்காரனையும் அறிஞனையும் ஒரே ஏட்டுத் தமிழில் பேசவைத்தால் நூல் செத்துப்போகும்.

ஒன்றில் மட்டும் அவரோடு உடன்பட இயலவில்லை. புகழ்பெற்ற விகடரின் பெயரில் சொன்னால் சாதாரணத் துணுக்கும் சிறக்கும், சுவையற்றவர் பெயரில் நல்லதும் குளிர்ந்துபோகும் என 'அல்புகலா' முன்னுரையில் எழுதுகிறார். கர்க் வாயிலின் கழுதைகள் அபூ தப்பூபாவின் பெயரறிந்தா குரல் கொடுத்தன?