பதில் இருக்கு, கேள்வி எங்கே?

அம்பேத்கரின் கடிதங்களை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான். தலைவர் எழுதியது கையில் இருக்கிறது. தலைவருக்கு எழுதியவன் எங்கே போனான்?

மகாராஷ்டிர அரசு 1979இலிருந்து வெளியிட்டுவரும் அம்பேத்கர் தொகுதிகளில் 21ஆவது, கடிதங்களுக்கானது. நாசிக்கின் பாவுராவ் கெய்க்வாட்டுக்கு எழுதியவை அதில் நிறைய. 1934 மார்ச் 3 தேதியிட்ட கடிதத்தைப் பாருங்கள். காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் 1930இல் தொடங்கியது. வருகிற ராமநவமிக்கு மறுபடி சத்தியாகிரகம் நடத்தலாமா என்று கெய்க்வாட் கேட்டிருக்கிறார். தேவையில்லை, அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்கிறார் பாபாசாகேப். நம்ம ஜனங்க சிலையைக் கும்பிடணும்னு இதை ஆரம்பிக்கலை, அவங்களுக்கு ஒரு வேகம் வரணும், தங்கள் நிலை உறைக்கணும், அதுக்குத்தான் என்று விளக்குகிறார். கோயில் நுழைவைப் பக்திக் கணக்கில் எழுதிவைத்திருக்கிற பண்டிதர்களுக்கு இந்த ஒரு கடிதம் போதும்.

ஆனால் கெய்க்வாட் எப்படிக் கேட்டார்? களத்தில் நின்ற ஜனங்களின் கோபத்தோடு கேட்டாரா, சலிப்போடு கேட்டாரா? பதிலைத் தடவித் தடவித்தான் கேள்வியை ஊகிக்க வேண்டியிருக்கு.

கடிதம் வாழ்வது எழுதியவர் வீட்டில் அல்ல, வாங்கியவர் வீட்டில். 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் எழுதினார், ஐ.நா.வுக்கு நீக்ரோ காங்கிரஸ் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். அந்தத் தாள் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டு பாய்ஸ் காகிதங்களோடு இருக்கிறது. ஜூலை 31 தேதியிட்ட பதிலின் நகலும் அங்கேயேதான். நம்மாளு கேட்ட கேள்வியைக் கறுப்பு மக்களின் பெட்டிதான் காப்பாற்றியது.

காங்கிரஸுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அலுவலகக் கோப்புகள் தில்லி தீன்மூர்த்தியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. வந்த கடிதம், போன கடிதம் எல்லாம். ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் அங்கே உட்கார்ந்து தேசிய இயக்கத்தின் வரலாறு எழுதுகிறார்கள். ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனின் வரலாற்றை எங்கே உட்கார்ந்து எழுதுவது? 1942இல் நாகபுரியில் உருவான அந்தக் கட்சிக்குத் தலைவராக இருந்தவர் நம்ம என். சிவராஜ்.

சோம்பலால் தொலைந்தது என்று சொல்லிவிட முடியாது. அம்பேத்கர் கடைசியாக வாழ்ந்த தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீடு அவருக்குச் சொந்தமில்லை. வீடு கைமாறியது. 1967 ஜனவரியில் அவருடைய காகிதங்களை அள்ளி முற்றத்தில் போட்டார்கள். அன்றிரவு மழை. அவரிடம் தட்டச்சு செய்து, செயலாளராக இருந்த நானக் சந்த் ரட்டு இதை எழுதிவைத்திருக்கிறார். மிஞ்சியவை நீதிமன்றக் காவலுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. பிறகு வசந்த் மூன் பக்கம் பக்கமாகத் தொகுத்தார். அந்த மனுஷனுக்கு நாம் பட்ட கடன் பெரிசு.

அதே இடத்தில் 2018இல் தேசிய நினைவகம் திறந்தார்கள். கட்டிடம் விரித்துவைத்த புத்தக வடிவம். பார்க்க அழகாத்தான் இருக்கு.

இனி வரும் பதிப்பில் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் அது யாருக்கு, என்ன கேட்டதற்குப் பதில் என்றாவது குறிப்புப் போட வேண்டும். இன்னொன்று, நாம் செய்ய வேண்டியது. கோலார் தங்கவயலில், வடஆற்காட்டில், சென்னைச் சேரிகளில் ஃபெடரேஷன் கிளை நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பரண்மேல் தகரப்பெட்டி இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். மனுவோ, ரசீதோ, அடித்துத் திருத்திய நகலோ, எதுவானாலும் சரி.