பபூன் நிறுத்துகிற இடம்

விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ரசிகர்கள் அதிகம் பேசுவது வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தைப் பற்றி. தப்பாக எடை போடுவது கோமாளியாக வரும் பபூனின் முதல் ஒரு மணி நேரத்தை. கீழச்சிவல்பட்டி, திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்துத் திருவிழாப் பந்தல்களில், நாயக வேடம் கட்டும் ராஜபார்ட் வருகிற நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் உண்டு. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் கூட்டம் சேரும்வரை ஒப்பேற்றுகிற வேலை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. விடியும்வரை நாடகம் நிற்குமா, படுத்துவிடுமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களின் நடிகர் சங்கங்களிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் முதல் தடவையாகச் சந்திப்பதே மேடையில்தான் என்கிற நிலைமைகூட வரும். வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற கதைகளுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக்கொடுத்த பாடம் இருப்பதால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பபூனுக்கு அப்படி ஒரு பாடம் இல்லை. மைக் எப்படி இருக்கிறது, ஆர்மோனியக்காரர் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார், முன்வரிசைப் பாயில் உட்கார்ந்த பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள், பின்னால் நிற்கிற ஆண்கள் எதற்கு முணுமுணுக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் முதலில் சோதித்துப் பார்ப்பவர் அவர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: சிரிப்பை எங்கே நிறுத்துவது?

இந்தப் பக்கத்து மேடைகளில் ஒரு பபூன் இருக்கிறார். "பழைய சுறுசுறுப்பு இல்லை, பாதியிலேயே முடித்துவிடுகிறார்" என்பது அவர்மேல் உள்ள குறை. அவர் செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தால் கதை வேறு. கூட்டம் உச்சத்தில் சிரிக்கும்போது அடுத்த துணுக்கை எடுக்காமல் ஆர்மோனியப் பக்கம் அரை அடி திரும்புகிறார். கை மட்டும் லேசாக உயர்கிறது. சுருதி ஏறுகிறது. சிரிப்பு அடங்குவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து டான்ஸ்காரப் பெண்ணின் சலங்கை கேட்கிறது. அந்தப் பெண் மேடைக்கு வரும்போது பந்தல் சூடாகவே இருக்கிறது. அவருடைய முதல் அடவுக்கே கைதட்டல் விழுகிறது. துணுக்கு தீருகிறவரை விடாமல் அடிக்கிற பபூனுக்குப் பின்னால் வருகிறவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஆறிப்போன கூட்டத்தை அவர் முதலிலிருந்து கிளப்ப வேண்டும். அதற்குள் பிள்ளைகள் பாயில் சுருண்டுவிடுவார்கள்.

அன்பளிப்பு வரும் நேரம் இன்னும் கடுமையான சோதனை. யாரோ நோட்டை நீட்டியதும் பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும். துணுக்கு நடுவில் அறுந்துபோகும். பலர் நன்றி சொல்லிவிட்டு விட்ட இடத்துக்கே திரும்பி, செத்த துணுக்கைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பார்கள். மேலே சொன்னவர் திரும்புவதே இல்லை. கொடுத்தவரின் பெயரையே அடுத்த துணுக்கின் வாசலாக்கிக்கொள்கிறார். அறுந்த துணுக்கை இழக்கத் துணிகிற பபூன்தான் நல்ல பபூன்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த பழங்கதையையும் கோமாளியையும் ஒரே மேடையில் ஏற்றியதில் இங்கிலாந்தின் விக்டோரியா காலத்துப் பாண்டமைம் நமக்குத் தூரத்து உறவு. அங்கேயும் கதைக்கும் கோமாளிக்கும் இடையே இதே நேரப் பங்கீட்டுச் சண்டை நடந்தது. தொடக்கத்தில் தேவதைக் கதை ஒரு சிறு முன்னுரை. கோமாளி ஆட்டமே பெரும்பகுதி. 1843ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா அரங்குகளுக்கும் வசன நாடகத்தைத் திறந்துவிட்ட பிறகு சிலேடையும் வசனமும் பெருகின. ஹெச். ஜே. பைரன் 1861இல் எழுதிய அலாவுதீனில் நாயகனின் தாய்க்கு அன்றைய சீனத் தேயிலை ஒன்றின் பெயரை வைத்தார், ஊர் சிரித்தது. கதைப்பகுதி ஆண்டுக்காண்டு வீங்க, கோமாளி ஆட்டம் கடைசியில் வாலாகச் சுருங்கி உதிர்ந்தது. நம் பபூன் முன்னால் நிற்பதால் பிழைத்துக்கொண்டார். கடைசியில் வைத்திருந்தால் அவருக்கும் அதே கதிதான்.

சிரிப்பை அளவோடு வைக்கும் நுட்பத்துக்கும் அங்கே ஓர் உதாரணம் உண்டு. ஜே. ஆர். பிளான்ஷே 1831இல் லண்டன் ஒலிம்பிக் அரங்குக்குத் தேவர்களைப் பற்றிய கேலி நாடகம் எழுதியபோது, நடிகர்களுக்குக் கோமாளி உடை தராமல் முறையான பழங்கால உடையையே தந்தார். முகம் இறுகியிருக்க வாய் மட்டும் வம்பு பேசியது. நம் மேடையில் அந்த நுட்பம் வள்ளியிடம் உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சியில், வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாக ஒலித்தது. 1876ஆம் ஆண்டு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தும், கொக்கை விரட்டாதே என்று யார் சொல்ல முடியும்? அங்கேயும் வெற்றி அளவில்தான்: குறிப்பைச் சொல்லிவிட்டு உடனே கதைக்குள் திரும்பிவிட வேண்டும்.

இனி வரும் பருவங்களில் இந்த அளவு கெடும் என்றே தோன்றுகிறது. விடிய விடிய நடக்கும் நாடகம் கைப்பேசியில் பதிவாகி, இரண்டு நிமிடத் துண்டுகளாக யூடியூபில் ஏறுகிறது. துண்டுக்கு ஆசைப்படும் பபூன் துணுக்கை நீட்டுவார்; பபூன்–டான்ஸ் பகுதி இரவு ஒரு மணி ஆனாலும் முடியாது; கதையில் வரும் நாரதர், தூங்கி வழியும் கூட்டத்துக்குப் பாடுவார். இங்கிலாந்தில் கதை கோமாளியை விழுங்கியது; இங்கே கோமாளி கதையை விழுங்கப் பார்ப்பார். ஓரிரு பருவம் இது எடுபடும். அதற்குப் பிறகு விழாக் குழுக்கள் சீக்கிரம் நிறுத்தத் தெரிந்தவரைத் தேடி வரும். இன்று சோர்ந்துவிட்டார் என்று பெயரெடுத்தவரின் படம் நோட்டீஸில் பெரிதாகும்.

அடுத்த திருவிழாவில் கீழச்சிவல்பட்டிப் பக்கம் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் ராஜபார்ட்டுக்காகக் காத்திருக்காமல் பத்து மணிக்கே போய் உட்காரட்டும். துணுக்குகளை எண்ண வேண்டாம். பபூன் எங்கே நிறுத்துகிறார் என்று பார்க்கட்டும்.